துண்டுக்கடியில் அசையாத கை

போன வருடத்துக்கு முந்தைய வருடம் நடந்தது இது. இடம், அய்யலூர் ஆட்டுச் சந்தை. நான் அங்கே தரகு பார்க்கிறவன். ஐந்தாவது வரைதான் படித்தேன். எழுதிப் பழக்கமில்லை. கோபம் அடங்காததால் எழுத உட்கார்ந்தேன். அதனால் இனிக்க இனிக்க எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

பங்குனி மாதம். குட்டியானை வண்டியிலிருந்து ஒரு கிடாயை இறக்கிக்கொண்டிருந்தேன். கிடா துள்ளியது. கயிறு கையில் சுற்றியிருந்ததால் நானும் அதோடு போய் விழுந்தேன். வலது முன்னங்கையில் இரண்டு எலும்பும் போய்விட்டது. திண்டுக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து, பிளேட் வைத்து ஸ்க்ரூ போட்டார்கள்.

டாக்டர் அதிகம் பேசாதவர். எனக்கு அவரைப் பிடித்தது. வீட்டுக்கு அனுப்பும்போது ஒன்று சொன்னார். எலும்பை நான் சேர்த்துவிட்டேன், விரலை நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும், இன்றைக்கே ஆட்ட ஆரம்பியுங்கள், பிசியோதெரபிக்குத் தவறாமல் வாருங்கள் என்றார்.

வீட்டில் ஆட்ட விட்டால்தானே.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஆரஞ்சும் ரொட்டியும் வாங்கி வந்தார்கள். கூடவே ஆளுக்கொரு உத்தரவும் கொண்டு வந்தார்கள். கையை ஆட்டாதீர்கள், உள்ளே கம்பி வளைந்துவிடும். கையைத் தொங்கப் போடாதீர்கள், நீர் இறங்கும். கத்திரிக்காய் தின்னாதீர்கள், புண் ஆறாது. என் மனைவி சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். சட்டை மாட்டிவிட்டாள். மனைவியின் தம்பி எனக்கு முகச் சவரம் செய்துவிட்டான். கழுத்தில் கட்டிய தூளியில் என் கை குழந்தை மாதிரி கிடந்தது. வீங்கிய விரல் நீட்டினபடி நின்றுவிட்டது.

தையல் பிரித்த பிறகு, மச்சினன்தான் என்னைப் பிசியோதெரபிக்குக் கூட்டிப் போனான். அங்கே ஒரு பொண்ணு. இருபத்தைந்து வயசுதான் இருக்கும். என் நடுவிரலைப் பிடித்து மடக்கியது. நான் கத்திவிட்டேன். நான் கத்துகிற ஆள் இல்லை. கிடா மோதி விலா எலும்பு விட்டுப் போனபோதுகூட நடந்தே வீட்டுக்கு வந்தவன். அன்றைக்குக் கத்தினேன்.

மச்சினன் வெளியிலிருந்து ஓடி வந்தான்.

“ஏம்மா, மனுசன்னு நெனச்சியா, மரக்கட்டைன்னு நெனச்சியா? விடும்மா கையை.”

“வலிக்கத்தான் செய்யும் சார். இப்ப விட்டா அப்புறம் மடங்கவே மடங்காது” என்று அந்தப் பொண்ணு சொன்னது.

அவன் கேட்கவில்லை. என்னைக் கிளப்பி ஆட்டோவில் ஏற்றினான். வழியில் ஆறுதல் சொன்னான்.

“நம்ம என்ன பரீட்சையா எழுதப் போறோம் மச்சான்? விரல் மடங்காட்டிப் போகுது. நான் இருக்கேன்ல.”

அப்போது அது எனக்கு நன்றாக இருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

எங்கள் வியாபாரத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். சந்தையில் நாங்கள் வாயால் விலை பேசுவதில்லை. தரகனும் வாங்குகிறவனும் வலது கையைக் கோத்துக்கொள்வோம். மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வோம். உள்ளே விரல்தான் பேசும். எத்தனை விரலைப் பிடிக்கிறானோ அத்தனை ஆயிரம். விரலை மடக்கினால் ஆயிரத்தில் பாதி. அவன் கேட்கிற விலை கட்டாது என்றால், பிடித்த பிடியை நாம் விரலால் நெம்பித் திறந்துவிட வேண்டும். கட்டும் என்றால் கையை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும். துண்டை எடுத்துவிட்டால் விலை முடிந்தது. அதற்கு மேல் பேச்சில்லை.

துண்டு கிடக்கும்போது வாய் திறக்கக் கூடாது. முகத்திலும் ஒன்றும் தெரியக் கூடாது. சுற்றி நிற்கிறவன் முகத்தைப் பார்த்தே விலையைப் பிடித்துவிடுவான். என் தொழிலுக்கு வேண்டியது இந்தக் கையும் இந்த முகமும்தான். வேறு முதல் கிடையாது.

ஆனி மாதம் மறுபடி சந்தைக்குப் போனேன். எலும்பு சேர்ந்துவிட்டது என்று டாக்டர் எக்ஸ்ரே படம் பார்த்துச் சொல்லிவிட்டார். தூளியையும் எடுத்தாகிவிட்டது. சட்டைக் கையை இறக்கிவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் விரல் பாதிக்கு மேல் மடங்காது. உள்ளங்கையை மேலே திருப்ப வராது. கோயிலில் திருநீறு கொடுத்தால் இடது கையை முட்டுக் கொடுத்துத்தான் வாங்குவேன்.

சந்தையில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். அதில் உட்காரும்வரை விடவில்லை. வருகிறவன் போகிறவன் எல்லாம் என் விரலைத் தொட்டுப் பார்த்தான். பிறந்த குட்டியைத் தொடுகிற மாதிரி. “கை தேவலையாண்ணே? அலட்டிக்காம இருங்க” என்றான். மச்சினன் என் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குள் போய் வந்துகொண்டிருந்தான். என்னிடம் வழக்கமாக வருகிற ஆட்கள் அவனிடம் பேசினார்கள். நான் டீ குடித்தேன். அவன் துண்டை உதறிப் போடுகிற தோரணையைப் பார்த்தேன். எனக்குப் பொறுக்கவில்லை. சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அப்போது ஒரு பெண் வந்தார். வடமதுரைப் பக்கத்து ஊர். புருசன் இல்லை. ஐந்தாறு வருசமாக என்னிடம்தான் ஆடு கொடுப்பார். அன்றைக்கு இரண்டு கிடா, ஒரு பெட்டை ஆடு கொண்டு வந்திருந்தார். மழைக்கு முன்னால் வீட்டுக்குத் தகரம் போட வேண்டும் என்றார். மச்சினன் கயிற்றை வாங்கப் போனான். அவர் கொடுக்கவில்லை.

“தம்பி வேணாம். நீங்களே பேசுங்கண்ணே.”

அதே நேரம் பாய் வந்தார். டவுனில் கறிக்கடை வைத்திருக்கிறவர். சந்தையில் அவர் பிடி என்றால் எல்லாருக்கும் பயம். விரலை இரும்பு மாதிரி பிடிப்பார். அவரும் மச்சினனைத் தள்ளிவிட்டார்.

“ஒன்னோட எனக்கு என்னப்பா பேச்சு? மாமா இருக்காருல்ல, அவரு எந்திரிச்சு வரட்டும்.”

சந்தையே பார்த்தது. கை ஆகாது என்று அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால் அதோடு நான் நாற்காலிக்காரன். எழுந்து போனேன். மச்சினன் தோளிலிருந்து என் துண்டை எடுத்தேன். இடது கையில் ஆட்டுக் கயிறு. வலது கையைக் கொடுத்தேன். துண்டு விழுந்தது.

பாய் பிடித்தார். எல்லாரும் தொட்ட மாதிரி தொடவில்லை. எப்போதும் பிடிக்கிற பிடி. முழங்கையிலிருந்து தோள் வரை நெருப்பு ஓடியது. கேட்ட விலை அடிமாட்டு விலை. நெம்பித் திறக்கப் பார்த்தேன். விரல் வரவில்லை. இன்னொரு தடவை பார்த்தேன். வரவில்லை. கையை உருவலாம் என்றால், அவர் பிடியில் பிளேட் வைத்த இடம் விண்ணென்று தெறித்தது. முகத்தை மட்டும் கெட்டியாக வைத்திருந்தேன். அது பழக்கம்.

பாய் என் முகத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு துண்டை எடுத்துவிட்டார்.

“முடிஞ்சுது.”

“இல்ல பாய். நான் ஒத்துக்கலையே.”

“கை ஒத்துக்கிருச்சே மாமா.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பாய் ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். விலையைச் சொன்னதும் அந்தப் பெண் ஒரு வார்த்தை கேட்டார்.

“இம்புட்டுக்கா விட்டீங்க?”

அவர் என் கையைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அடுத்த வாரம் வேறு தரகனோடு நின்றார்.

அன்றைக்கு வந்த கோபத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை. பாய் மேல் கோபம். சிரித்தவர்கள் மேல் கோபம். ஊட்டிவிட்ட மனைவி மேல், ஆட்டோவில் ஏற்றின மச்சினன் மேல், ஆரஞ்சு வாங்கி வந்தவர்கள் மேல் எல்லாம் கோபம். வீட்டில் மனைவி சோற்றைப் பிசைந்து நீட்டினாள். தட்டை வாங்கித் தரையில் வைத்தேன். மடங்காத விரலாலேயே அள்ளினேன். பாதி கீழே கொட்டியது. அவள் கண் கலங்கினாள். எனக்கு இரக்கம் வரவில்லை.

மறுநாள் தனியாகப் பஸ் ஏறி அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். மச்சினன் வருகிறேன் என்றான்.

“நீ வந்தின்னா நான் இறங்கிக்கிருவேன்” என்றேன்.

அந்தப் பொண்ணு என் கையைப் பார்த்ததும் திட்ட ஆரம்பித்தது. இத்தனை நாள் எங்கே போனீர்கள், இப்படி விறைக்க விட்டு வந்தால் நான் என்ன செய்வது, திரும்ப வருமா என்று எனக்கே தெரியவில்லை என்றது. மகள் வயசு. அத்தனை பேர் முன்னால் திட்டியது. கையை நீட்டினபடி நின்றேன். பிறகு விரல் கன்றிப் போயிருந்ததைப் பார்த்தது.

“யாரு ஐயா இப்படிப் பிடிச்சது?”

“வியாபாரத்துல.”

“வியாபாரத்துல கையை ஏன் பிடிக்கிறாங்க?”

சொல்லிப் புரிய வைக்க வரவில்லை. அங்கே கிடந்த ஒரு துண்டை எடுத்துப் போட்டு, அந்தப் பொண்ணு கையையே பிடித்துக் காட்டினேன். முதலில் அதற்குக் கோபம். ஆபரேஷன் செய்த கையை அந்த மாதிரி பிடித்து இழுத்தால் என்ன ஆவது, அந்த ஆளிடம் இனி கை கொடுக்காதீர்கள் என்றது. பிறகு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தது.

“நெம்பித் திறந்தாத்தான் வேணாம்னு அர்த்தமா?”

“ஆமா.”

“சரி. நான் பிடிக்கிறேன். நீங்க திறங்க.”

அப்படி ஆரம்பித்தது. முதலில் வெந்நீர் ஒத்தடம். அப்புறம் ஒவ்வொரு விரலாக மடக்கும். பந்தை அமுக்கச் சொல்லும். ஒரு சுத்தியலைக் கையில் கொடுத்து இந்தப் பக்கம் சாய், அந்தப் பக்கம் சாய் என்று முன்னங்கையைத் திருப்பச் சொல்லும். கடைசியில் துண்டு. மெதுவாகத்தான் பிடிக்கும். அதையே என்னால் திறக்க முடியாது. நான் பல்லைக் கடித்தால் உடனே சொல்லும்.

“முகத்துல தெரிஞ்சிருச்சு ஐயா. ஆடு போச்சு.”

பக்கத்தில் முட்டிக்கு வந்தவர், தோளுக்கு வந்தவர் எல்லாம் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தப் பொண்ணை மனசுக்குள் திட்டாத நாளில்லை. ஆனால் ஒரு நாளும் போகாமல் இருந்ததில்லை. வீட்டில் ஈரத்துண்டை முறுக்கிப் பிழிந்தேன். குட்டி ஈன்ற ஆட்டில் நானே பால் கறந்தேன். ஆட்டுக்குப் பிடி சரியில்லை. என்னை உதைத்தது. அதன் மேலும் கோபம்.

சந்தைக்கும் போவேன். நாற்காலியில் உட்கார மாட்டேன். ஓரமாக நிற்பேன். பாய் போகும்போது என்னைப் பார்ப்பார். கை எப்படி இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஆவணி கழிந்தது. ஒரு நாள் அந்தப் பொண்ணு பிடித்த பிடியைத் திறந்துவிட்டேன். அது கையை உதறிக்கொண்டு, “இன்னைக்கு ஆடு தப்பிச்சுது” என்றது. நான் சிரிக்கவில்லை. அது மெதுவாகப் பிடித்தது, பாய் அப்படிப் பிடிக்க மாட்டார் என்றேன். அப்படியென்றால் இன்னும் அழுத்திப் பிடிக்கிறேன் என்று உட்கார்ந்தது.

தீபாவளிக்கு முந்தைய சந்தை. அய்யலூரில் கால் வைக்க இடமிருக்காது. மச்சினன் துண்டோடு கிளம்பினான்.

“துண்டைக் குடு மாப்ள.”

“எதுக்கு மச்சான் உடம்பைக் கெடுத்துக்கிறீங்க? நான்தான் பாத்துக்கிறேன்ல. நீங்க பேசாம ஒக்காந்து...”

“ஒக்காந்து ஒக்காந்துதான் இந்தக் கை இப்படி ஆச்சு. குடு.”

கொடுத்தான். முகம் சுண்டிப் போயிற்று. அவன் கெட்டவன் இல்லை. அது எனக்குத் தெரியும். இருந்தும் அன்றைக்கு எனக்கு அவன் மேல் இரக்கம் வரவில்லை.

வடமதுரைப் பக்கத்திலிருந்து வருகிற அந்தப் பெண் ஒரு பெரிய கிடாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேறு தரகன் வருவதற்காகக் காத்திருந்தார். நேராகப் போனேன்.

“இன்னைக்கு நான் பேசுறேன்.”

“கை ஆகுமாண்ணே?”

“ஆகலைன்னா கிடாயை ஓட்டிக்கிட்டுப் போயிரு.”

கயிற்றைக் கொடுத்தார். முழுக்கக் கொடுக்கவில்லை. நுனியைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். அதற்கு நான் கோபப்பட முடியாது.

பாய் வந்தார். கையை நீட்டினார். துண்டைப் போட்டேன்.

அதே பிடி. அதே மாதிரி கீழ் விலை. நெம்பித் திறந்தேன். மறுபடி பிடித்தார். கொஞ்சம் ஏற்றினார். திறந்தேன். மணிக்கட்டை ஒரு திருகு திருகினார். கண் இருட்டிக்கொண்டு வந்தது. முகத்தில் காட்டவில்லை. இப்போது நான் அவர் விரல்களைப் பிடித்தேன். விரலாலேயே என் விலையைச் சொன்னேன். திறக்கப் பார்த்தார். விடவில்லை. ஊர் மேல் இருந்த கோபம் எல்லாம் அந்த விரலில் இருந்தது. எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியவில்லை. கிடா கத்திக்கொண்டே இருந்தது. கூட்டம் எங்கள் முகத்தையே பார்த்தது. ஒன்றும் தெரிந்திருக்காது.

பாயின் கை அசையாமல் நின்றது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. இன்னொரு தடவை அழுத்திக் கேட்டேன். உள்ளேயிருந்து அவர் ஒரு விரலால் என் உள்ளங்கையில் தட்டினார். சரி என்று. துண்டை எடுத்தேன்.

பாய் கையைக் கைலியில் தேய்த்துக்கொண்டார்.

“இப்பத்தான் மனுசன் கை மாதிரி இருக்கு மாமா. அன்னைக்குச் செத்த கோழிக் காலைப் பிடிச்ச மாதிரியில்ல இருந்துச்சு.”

அவ்வளவுதான். கிடாயை ஓட்டிக்கொண்டு போனார்.

அந்தப் பெண்ணிடம் விலையைச் சொன்னேன். சந்தோசப்படுவார் என்று நினைத்தேன். தலையை ஆட்டினார்.

“இது சரிண்ணே. ஆனா அன்னைக்குப் போனது போனதுதான்.”

தகரம் போட்டாயிற்றா என்று கேட்டேன். பாதிக்குத்தான் போட்டிருக்கிறது, மழைக்கு மற்ற பாதி ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது என்றார். சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார்.

என் மனைவி இப்போது வேறு கதை சொல்கிறாள். பாய் என் நல்லதுக்குத்தான் அப்படிச் செய்தாராம். அவர் அன்றைக்குப் பிடித்திராவிட்டால் நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேனாம். சந்தையிலும் நாலு பேர் அப்படித்தான் பேசுகிறார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. என் கையை எழுப்ப வேண்டுமென்றால் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பிடித்திருக்கலாம். ஒரு பொம்பளையின் ஆட்டை வைத்து எழுப்ப வேண்டியதில்லை. என் கை வரவில்லை என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் துண்டை எடுத்தார். இதை ஒரு நாள் அவரிடமே சொன்னேன்.

“வியாபாரம் மாமா” என்றார். வெற்றிலையைத் துப்பிவிட்டு, அடுத்த ஆட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் அந்தப் பொண்ணுக்கு மட்டும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தேன். உள்ளங்கை இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. இனித் திரும்பாது என்றும் அந்தப் பொண்ணே சொல்லிவிட்டது. பரவாயில்லை. சோறு அள்ளவும் ஆடு விற்கவும் இது போதும்.

கோபம் இன்னும் இருக்கிறது. குறைய வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளவும் இல்லை. ஆனால் அன்றையிலிருந்து ஒன்றை மாற்றிக்கொண்டேன். துண்டுக்கடியில் எதிராளியின் கை அசையாமல் கிடந்தால், சந்தை வழக்கம் எப்படியிருந்தாலும், துண்டை எடுப்பதற்கு முன்னால் காதோரம் குனிந்து “சம்மதமா?” என்று வாயால் கேட்கிறேன். அசைய முடியாதவன் சும்மா நிற்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டால் அவனுக்கு எப்படி வலிக்கும் என்பது என் கைக்குத் தெரியும்.